தொப்புள்கொடியிலிருந்து குடுவைக்கு: பிறப்புத் திசுக்களில் குருத்தணு வளர்ப்பு

குழந்தை பிறந்த சிறிது நேரத்தில் நஞ்சுக்கொடியும் அதோடு ஒட்டிய பனிக்குடச் சவ்வுகளும் தாயின் உடலிலிருந்து வெளியேறிவிடுகின்றன. ஏறத்தாழ அரை கிலோ எடையுள்ள தட்டையான சதைத்தட்டு, அதிலிருந்து நீளும் அரை மீட்டர் அளவிலான தொப்புள்கொடி, விளிம்பிலிருந்து தொங்கும் மெல்லிய சவ்வுகள் ஆகியவையே பிறப்புத் திசுக்கள் எனப்படுகின்றன. கருப்பைக்குள் குழந்தைக்கு நுரையீரலாகவும் சிறுநீரகமாகவும் உணவுப் பாதையாகவும் பணியாற்றிய அந்த உறுப்பின் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அதிலுள்ள செல்கள் உடனே இறந்துவிடுவதில்லை. குளிர்ந்த உப்புக் கரைசலில் பாதுகாத்தால் ஒரு நாள் வரையிலும் அவை உயிரோடு இருக்கும். தகுந்த சூழலில் வைத்தால் மீண்டும் பிரியத் தொடங்கும். இந்தச் செல்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்ப்பது எவ்வாறு நடக்கிறது, வளர்ந்து வருவது உண்மையில் எது என்பதை முன்னறிவு ஏதுமில்லாத வாசகருக்கும் புரியும்படி விளக்க முயல்கிறேன்.

முதலில் ஸ்டெம் செல் என்பதன் பொருள். தமிழில் இதற்குக் குருத்தணு என்ற சொல் வழங்குகிறது. பொருத்தமான சொல் அது. வாழையின் குருத்து இன்னும் விரியாத இலை. விரிந்த இலை மீண்டும் குருத்தாவதில்லை. உடலில் தசைச் செல், நரம்புச் செல், தோல் செல் என்று ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கென விரிந்துவிட்ட இலையைப் போன்றது. அவ்வாறு விரியாமல் நிற்கும் செல்லுக்கு இரண்டு இயல்புகள் இருக்க வேண்டும். தன்னைப் போன்றே இன்னொரு செல்லை உண்டாக்கித் தன் வகையைத் தொடர்ந்து நிலைநிறுத்திக்கொள்வது ஒன்று. தூண்டுதல் கிடைக்கும்போது வேறு வகைச் செல்லாக மாறுவது மற்றொன்று. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அதைக் குருத்தணு என்று சொல்வதற்கில்லை.

எல்லாக் குருத்தணுக்களின் ஆற்றலும் ஒரே அளவினதன்று. கருவுற்ற முட்டை பிரியத் தொடங்கிச் சில நாட்களே ஆன நிலையில், அதன் உட்புறச் செல் தொகுதி உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடியது. 1998-இல் மனிதக் கருவிலிருந்து முதன்முதலாகப் பிரித்து வளர்க்கப்பட்ட கருக் குருத்தணுக்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பெறுவதற்கு அந்தக் கரு சிதைக்கப்பட வேண்டியிருந்ததால், அறம் சார்ந்த கடுமையான விவாதங்கள் எழுந்தன. இன்னொரு முனையில், வளர்ந்த மனிதரின் எலும்பு மச்சையிலும் கொழுப்பிலும் இருக்கும் குருத்தணுக்கள் சில வகைகளாக மட்டுமே மாறக்கூடியவை. வயதாக ஆக அவற்றின் எண்ணிக்கையும் பிரியும் வேகமும் குறைகின்றன. பிறப்புத் திசுக்களின் செல்கள் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கின்றன. ஆற்றலில் அவை பெரும்பாலும் வளர்ந்தவரின் குருத்தணுக்களையே ஒத்திருந்தாலும், வயதில் மிக இளையவை. மேலும், எவருடைய உடலிலும் ஊசி குத்தாமல், எந்தக் கருவையும் சிதைக்காமல், எப்படியும் அகற்றப்படப்போகும் திசுவிலிருந்து கிடைப்பவை. ஆய்வாளர்களுக்கு இவற்றின்மீது ஈர்ப்பு ஏற்பட்டதற்கு இதுவே காரணம்.

எந்தத் திசுவில் எது இருக்கிறது

பிறப்புத் திசு என்று ஒரே சொல்லில் சொன்னாலும், அதற்குள் தமக்குள் தொடர்பற்ற பல வகைச் செல்கள் அடங்கியிருக்கின்றன. ‘தொப்புள்கொடி ஸ்டெம் செல்’ என்ற பொதுச்சொல்லால் விளையும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று. கொடியில் ஓடும் இரத்தத்தின் குருத்தணுவும் கொடியின் சதையிலுள்ள குருத்தணுவும் முற்றிலும் வேறானவை.

கொடியின் இரத்தத்தில் இருப்பவை பெரும்பாலும் இரத்தக் குருத்தணுக்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய அனைத்தையும் உண்டாக்குபவை இவை. 1988 அக்டோபரில் பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில், மருத்துவர் எலியான் குளக்மன் தலைமையிலான குழுவினர், ஃபான்கோனி இரத்தசோகை என்ற பரம்பரை நோயால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கையின் பிறப்பின்போது சேகரித்து உறையவைத்திருந்த கொடி இரத்தத்தைச் செலுத்தினார்கள். உலகின் முதல் கொடி இரத்த மாற்று சிகிச்சை அதுவே. அந்தச் சிறுவன் குணமடைந்தான். அந்த இரத்தத்தை உறையவைத்துப் பாதுகாக்க முடியும் என்பதை முன்கூட்டியே நிறுவியவர் அமெரிக்காவின் இண்டியானாவில் பணிபுரிந்த ஹால் பிராக்ஸ்மையர். இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் சிகிச்சையில் செல்கள் குடுவையில் வளர்க்கப்படவில்லை. இரத்தம் கிடைத்தபடியே பயன்பட்டது. இரத்தக் குருத்தணுக்களை வளர்ப்பது தனிச் சிக்கல். அதற்குப் பின்னர் வருகிறேன்.

கொடியின் சதையோ வேறு கதை. தொப்புள்கொடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் தெரியும். அவற்றைச் சுற்றி வெண்மையான, வழுவழுப்பான, நுங்கைப் போன்ற ஒரு பொருள் நிறைந்திருக்கும். ஆங்கிலேய மருத்துவரான தாமஸ் வார்ட்டன் 1656-இல் இதை விவரித்ததால், இன்றும் வார்ட்டன் ஜெல்லி என்றே இது அழைக்கப்படுகிறது. குழந்தை உள்ளே புரளும்போது கொடி முறுக்கினாலும் நெரிந்தாலும் இரத்தக் குழாய்கள் அடைபடாமல் காப்பது இதன் வேலை. ஹையலூரோனிக் அமிலமும் கொலாஜன் இழைகளும் நீரைப் பிடித்துவைத்திருக்கும் இந்தக் கூழுக்குள் செல்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி, எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவற்றின் செல்களாக மாறும் ஆற்றலுடையது. மீசன்கைமல் குருத்தணு என்று அழைக்கப்படும் இந்த வகைதான் இன்று பிறப்புத் திசுக்களிலிருந்து மிகுதியாக வளர்க்கப்படுகிறது. கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றியதே.

பனிக்குடச் சவ்வு இன்னும் வியப்பானது. இரத்தக் குழாயோ நரம்போ இல்லாத, கண்ணாடிக் காகிதத்தைப் போல ஒளி ஊடுருவும் இந்தச் சவ்வின் உட்பரப்பை ஒரே அடுக்காக மூடியிருக்கும் செல்கள், கருவுற்ற இரண்டாம் வாரத்திலேயே, உடலின் மூன்று அடிப்படை அடுக்குகள் பிரிவதற்கு முன்பே தோன்றிவிடுபவை. அந்தத் தொடக்க நிலையின் சில அடையாளங்களைக் குழந்தை பிறக்கும்வரையிலும் அவற்றுள் சில தக்கவைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் குடுவையில் இவை நெடுநாள் பெருகுவதில்லை; சில முறை மாற்றி வளர்த்ததுமே வடிவம் மாறி, வேகம் குன்றிவிடுகின்றன.

நஞ்சுக்கொடியின் தட்டைப் பயன்படுத்தும்போது, தொடக்கநிலை ஆய்வாளர்கள் பலர் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுகிறது. அந்தத் தட்டின் பெரும்பகுதி குழந்தையின் கருவுற்ற முட்டையிலிருந்து வளர்ந்ததுதான் என்றாலும், கருப்பைச் சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தில் தாயின் கருப்பை உட்படலத்தின் ஓர் அடுக்கும் சேர்ந்தே வெளிவருகிறது. ஒரே சதைத்தட்டில் இரண்டு மனிதர்களின் செல்கள் கலந்திருக்கின்றன. முழுத் திசுவையும் கலந்து வளர்த்தால், தாயின் செல்கள் குடுவையில் விரைந்து பரவி, சில வாரங்களில் குழந்தையின் செல்களைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது பலமுறை காணப்பட்டிருக்கிறது. பிறந்தது ஆண் குழந்தையாக இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது: குடுவையில் உள்ள செல்களில் ஒய் குரோமோசோம் இல்லையென்றால், அங்கே வளர்ந்திருப்பவை தாயின் செல்கள். பெண் குழந்தையாக இருந்தால் மரபணு அடையாளச் சோதனை செய்து பார்க்க வேண்டும்.

இந்த ஓர் உதாரணத்திலேயே செல் வளர்ப்பின் அடிப்படை உண்மை அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. திசுவில் இருந்தவை அனைத்தும் அதே விகிதத்தில் குடுவையில் பெருகுவதில்லை. அந்தப் பிளாஸ்டிக் தரைக்கும், அந்த நீர்மத்துக்கும், அந்த வேகத்துக்கும் எவை ஒத்துப்போகின்றனவோ அவையே நிலைக்கின்றன. மற்றவை மெல்ல மறைந்துபோகின்றன. ஆகவே ஒவ்வொரு படியிலும் ஆய்வாளர் செய்யும் சிறு தேர்வுகூட, இறுதியில் கையில் கிடைக்கும் செல் எது என்பதைத் தீர்மானிக்கிறது.

கொடியைப் பெறுவதும் செல்லைப் பிரிப்பதும்

வேலை பிரசவ அறைக்கு முன்பே தொடங்குகிறது. தாயின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பிரசவ வலி தொடங்கும் முன்பே, அவர் நிதானமாகக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் பெற வேண்டும். வலியின் நடுவே நீட்டப்படும் படிவத்தில் இடும் கையெழுத்தை ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட வேண்டும், ஏனெனில் அந்தக் கிருமிகள் செல்களோடு பயணிக்கக்கூடியவை. குழந்தையின் நலன் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது: பிறந்தவுடன் கொடியை இடுக்கியால் இறுக்கிவிடாமல் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை, அந்த நேரத்தில் கொடியிலுள்ள இரத்தம் குழந்தைக்குச் சென்று அதன் இரும்புச்சத்து இருப்பைக் கூட்டுகிறது. கூடுதல் இரத்தம் சேகரிப்பதற்காக இதைச் சுருக்குவது முறையன்று. கொடியின் சதைக்கு இந்தக் காத்திருப்பால் எந்தக் குறையும் நேர்வதில்லை.

வெட்டியெடுத்த கொடித்துண்டு, கிருமிக்கொல்லி மருந்து கலந்த உப்புக் கரைசலில், குளிர்ந்த நிலையில் ஆய்வகத்துக்கு வந்து சேர்கிறது. வடிகட்டிய காற்று சீராக வீசும் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து அதைத் திறக்கிறார்கள். முதலில் இரத்தம் முழுவதும் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். பிறகு கொடியை நீளவாக்கில் கீறித் திறந்து, இரண்டு தமனிகளையும் சிரையையும் இடுக்கியால் பிடித்து உரித்தெடுக்கிறார்கள். குழாய்களை விட்டுவைத்தால் அவற்றின் சுவரிலுள்ள தசைச் செல்களும் உட்படலச் செல்களும் வளர்ப்பில் கலந்துவிடும் என்பதால் இந்தப் பொறுமை தேவைப்படுகிறது. வழுக்கும் திசு, கையுறை, இடுக்கி என்று இதைப் பழகப் பல நாட்கள் ஆகும்.

எஞ்சும் கூழ்ச்சதையை ஒன்று முதல் சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, குடுவையின் அடியில் இடைவெளிவிட்டு அடுக்குவது ஒரு முறை. துண்டுகள் தரையோடு ஒட்டிக்கொள்வதற்காகச் சிறிது நேரம் விட்டு, பிறகு துண்டுகள் மிதக்காத அளவுக்கு மட்டும் நீர்மம் ஊற்றுகிறார்கள். அடுத்த சில நாட்களுக்கு எதுவும் தெரியாது. குடுவையை அசைக்கக்கூட கூடாது. அசைத்தால் ஒட்டிய துண்டு பெயர்ந்து, அதிலிருந்து எதுவும் வராமல் போகும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், துண்டின் விளிம்பிலிருந்து இரு முனையும் கூர்மையான, நெசவு நாடாவைப் போன்ற செல்கள் ஒவ்வொன்றாக வெளியே ஊர்ந்து வந்திருப்பது தெரியும். இரண்டு, மூன்று வாரங்களில் அவை துண்டைச் சுற்றி அடர்ந்த வளையமாகின்றன. அதன்பின் துண்டுகளை அகற்றிவிடலாம்.

மற்றொரு முறையில் காத்திருப்பு இல்லை. கொலாஜனேஸ் என்ற நொதியைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்தால், செல்களைப் பிணைத்திருக்கும் கொலாஜன் இழைகள் கரைந்து, செல்கள் விடுபடுகின்றன. வடிகட்டி, சுழற்றி, அடியில் படியும் செல்களை எடுத்து நேரடியாகக் குடுவையில் விதைக்கலாம். முதல் நாளிலேயே நிறைய செல்கள் கிடைக்கும். ஆனால் நொதி கூடுதல் நேரம் இருந்தால் செல்களின் மேற்பரப்பையே அரித்துவிடும். நொதியின் ஆற்றல் ஒவ்வொரு உற்பத்தித் தொகுப்புக்கும் சற்றே மாறுவதால், விளைவும் மாறும். மேலும், தானே நகரும் திறனுள்ள செல் மட்டுமே முதல் முறையில் வெளியே வருகிறது. நொதி முறையிலோ எல்லாச் செல்களும் கலந்தே வருகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு, பொறுமை இருந்தால், துண்டு முறையையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டு முறையிலும் அடுத்து நடக்கும் சலித்தெடுப்பு ஒன்றுதான். வளர்ப்புக் குடுவையின் பிளாஸ்டிக் தரை, செல்கள் பற்றிக்கொள்ள ஏதுவாகச் சிறப்பாகப் பதப்படுத்தப்பட்டது. மீசன்கைமல் செல்கள் அதில் ஒட்டிப் படர்கின்றன. இரத்தச் செல்களோ மிதக்கின்றன. ஓரிரு நாட்களில் நீர்மத்தை மாற்றும்போது மிதப்பவை கழிந்துபோகின்றன. சோவியத் அறிவியலாளர் அலெக்சாந்தர் ஃப்ரீடென்ஷ்டைன் 1960-களிலும் 70-களிலும் எலும்பு மச்சையில் செய்த சோதனைகளில் பயன்படுத்தியதும் ஒட்டிக்கொள்ளும் இந்த எளிய இயல்பையே. இன்றைய பெரிய செல் தொழிற்கூடங்களும் பெரும்பாலும் அதையே நம்பியிருக்கின்றன.

குடுவைக்குள் ஓர் உடலை உண்டாக்குதல்

வெளியே எடுத்த செல்லுக்கு உடல் இதுவரை தந்துவந்த அனைத்தையும் இனி ஆய்வாளரே தர வேண்டும். உப்புகள், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் ஆகியவை கலந்த வளர்ப்பு ஊடகம் உணவாகிறது. 37 டிகிரி வெப்பமும் நிறைந்த ஈரப்பதமும் உள்ள இன்குபேட்டர் உடலின் சூட்டைத் தருகிறது. அதற்குள் 5 விழுக்காடு கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். செல்லுக்கு அந்த வாயு உணவென்று எண்ணிவிடக் கூடாது. ஊடகத்தில் பைகார்பனேட் உப்பு இருக்கிறது. அதுவும் கரைந்த கரியமில வாயுவும் ஒன்றையொன்று சமன்செய்து, நீர்மத்தின் அமிலத்தன்மையை இரத்தத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ 7.4 என்ற பி.எச். அளவில் நிறுத்துகின்றன. நம் இரத்தத்திலும் இதே ஏற்பாடுதான். பெரும்பாலான ஊடகங்களில் ஃபீனால் ரெட் என்ற சாயமும் கலந்திருக்கும்: நலமாக இருக்கும்போது செந்நிறம், செல்கள் பெருகி அமிலக் கழிவு சேரும்போது மஞ்சள். குடுவை மஞ்சளாகத் தொடங்கினால் ஊடகத்தை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரே இரவில் கலங்கி மஞ்சளானால் பாக்டீரியா புகுந்துவிட்டது.

உணவு மட்டும் போதாது. ‘பிரி’ என்று செல்லுக்குச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளும் வேண்டும். நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டுவந்தது கன்றின் கருவின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சீரம் என்ற தெளிநீர். ஊடகத்தில் பத்தில் ஒரு பங்கு சேர்ப்பது வழக்கம். ஆனால் வளர்ந்த செல்லை மனிதருக்குச் செலுத்தப்போகிறோம் என்றால், மாட்டின் புரதங்களும் விலங்கு நோய்க்கிருமிகளும் உடன்வரக்கூடும் என்ற கவலை எழுகிறது. அந்தச் சீரம் பெறப்படும் விதமும் பலருக்கு உறுத்தலாக இருக்கிறது. மாற்றாக, இரத்த வங்கிகளில் காலாவதியான தட்டணுக்களை உறையவைத்து உருக்கி உடைத்து, அவற்றுள் அடைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். காயம் பட்ட இடத்தில் திசுவை வளரச் சொல்லித் தூண்டுவது தட்டணுவின் இயல்பான வேலை; அதையே குடுவையிலும் செய்கிறது. அதில் இரத்தம் உறையச் செய்யும் புரதமும் இருப்பதால், உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைச் சேர்க்காவிட்டால் ஊடகமே கூழாகக் கட்டிப்போகும்.

செல்கள் தரையில் 70 முதல் 80 விழுக்காடு இடத்தை நிரப்பியதும் அவற்றைப் பெயர்த்து, அதிக இடமுள்ள புதிய குடுவைகளுக்கு மாற்ற வேண்டும். நாற்றங்காலில் அடர்ந்த நாற்றைப் பறித்து வயலில் பரப்பி நடுவதை ஒத்தது இது. டிரிப்சின் என்ற நொதியை ஊற்றினால், செல்லைத் தரையோடு பிடித்திருக்கும் புரதங்கள் அறுந்து, நீண்டிருந்த செல்கள் சில நிமிடங்களில் உருண்டையாகி மிதக்கின்றன. உடனே சீரம் சேர்த்து நொதியை அடக்கி, எண்ணிப் பார்த்து, சதுர சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் என்ற அளவில் மீண்டும் விதைக்கிறார்கள். இந்த ஒவ்வொரு மாற்றத்தையும் ‘பாசேஜ்’ என்று எண்ணிட்டுக் குறித்துவைப்பது ஆய்வகங்களின் வழக்கம்.

பெருக்கத்தின் கணக்கு வியப்பூட்டுவது. வார்ட்டன் ஜெல்லியின் செல்கள் நல்ல சூழலில் ஒன்று முதல் இரண்டு நாட்களுக்குள் இரட்டிக்கின்றன. 10 லட்சம் செல்களோடு தொடங்கினால், 7 முறை இரட்டித்ததும் 12 கோடியே 80 லட்சம். 10 முறை இரட்டித்ததும் நூறு கோடிக்கு மேல். சிகிச்சை ஆய்வுகளில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 10 அல்லது 20 லட்சம் செல்கள் என்ற அளவு பரவலாகப் பயன்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தவணைக்கு 6 முதல் 12 கோடி. ஒரே தொப்புள்கொடியிலிருந்து பலருக்கான தவணைகளை வளர்த்தெடுக்க முடியும் என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் இரட்டிப்பு முடிவில்லாமல் தொடராது. சாதாரண மனிதச் செல்கள் குடுவையில் ஏறத்தாழ 40 முதல் 60 முறை இரட்டித்தபின் நின்றுவிடுகின்றன என்று 1961-இல் லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினார்கள். குரோமோசோம்களின் நுனியிலுள்ள டீலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் சற்றே தேய்வது இதற்கு முக்கியக் காரணம். முதுமையுறும் செல் கூர்மையான வடிவத்தை இழந்து, அகன்று தட்டையாகிப் பரவிக் கிடக்கும். இறக்காது, ஆனால் பிரியாது, அக்கம்பக்கத்துச் செல்களையும் பாதிக்கும் பொருள்களைச் சுரக்கும். அந்த எல்லைக்கு வெகு முன்னதாகவே தரம் இறங்கத் தொடங்குவதால், சிகிச்சைக்கான செல்களைத் தொடக்கப் பாசேஜ்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். எண்ணிக்கை வேண்டுமென்று இன்னும் இரண்டு முறை வளர்ப்போம் என்ற ஆசைக்கு இடம்கொடுக்கும் ஆய்வகத்தை நம்பக் கூடாது.

வளர்ந்திருப்பது குருத்தணுதானா

நெசவு நாடா வடிவில் ஒட்டி வளரும் எல்லாமே குருத்தணு என்று எண்ணுவது தொடக்கநிலையில் பெரும்பாலானோர் செய்யும் பிழை. தோலின் கீழுள்ள சாதாரண நார்ச்செல்லும் நுண்ணோக்கியில் இதேபோலத்தான் தெரியும். இந்தக் குழப்பத்தைக் குறைப்பதற்காக, செல் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 2006-இல் குறைந்தபட்ச அளவுகோல்களை வெளியிட்டது. செல்கள் பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும். அவற்றுள் 95 விழுக்காட்டுக்குக் குறையாதவற்றின் மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 என்ற அடையாளப் புரதங்கள் இருக்க வேண்டும். இரத்தச் செல்களுக்குரிய சிடி34, சிடி45 போன்றவை 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தகுந்த தூண்டுதலில் எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு ஆகிய மூன்று வகைகளாகவும் மாறிக் காட்ட வேண்டும். கடைசிச் சோதனையைக் கண்ணாலேயே காணலாம்: சுமார் மூன்று வாரத் தூண்டுதலுக்குப் பின் சாயமிட்டால், சுண்ணாம்பு படிந்த எலும்புச் செல்கள் சிவப்பாகவும், கொழுப்புத் துளிகள் வேறொரு சிவப்பிலும், குருத்தெலும்பின் கூழ் நீலமாகவும் தெரியும். வார்ட்டன் ஜெல்லியின் செல்கள் கொழுப்பாக மாறுவதில் எலும்பு மச்சைச் செல்களைவிடச் சுணக்கம் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு வளர்ப்பு தவறிவிட்டதென்று கலங்க வேண்டியதில்லை.

இருந்தாலும், இந்தச் சோதனைகளை எல்லாம் கடந்த செல்கூட உண்மையான குருத்தணுதானா என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. மீசன்கைமல் குருத்தணு என்ற பெயரை 1991-இல் பரவலாக்கிய ஆர்னால்ட் கேப்லன் என்ற அமெரிக்க அறிவியலாளரே, அந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்று 2017-இல் எழுதினார். உடலில் செலுத்தப்படும் இந்தச் செல்கள் புதிய இதயத் தசையாகவோ நரம்பாகவோ மாறி அங்கேயே குடியேறுவதில்லை. சிரை வழியாகச் செலுத்தினால் பெரும்பகுதி நுரையீரலில் சிக்கிக்கொண்டு, சில நாட்களில் மறைந்துபோகின்றன. அதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, உடலின் சொந்தச் செல்களைச் சீரமைப்பில் ஈடுபடத் தூண்டுகின்றன என்பதே இன்றைய புரிதல். தன் பெயராலேயே அறியப்பட்ட ஒரு கருத்தைத் தானே திருத்திக்கொள்ள முன்வந்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தூய்மைச் சோதனைகளில் மைகோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாதாரண பாக்டீரியா புகுந்தால் ஊடகம் கலங்கிக் காட்டிக்கொடுக்கும். பூஞ்சை புகுந்தால் இழை தெரியும். மைகோபிளாஸ்மாவோ எந்த அறிகுறியையும் காட்டாது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்குச் சிறியது. செல் சுவர் இல்லாததால் பெனிசிலின் அதைத் தொடாது. கிருமிகளை வடிகட்டும் நுண்சல்லடையிலும் நுழைந்துவிடக்கூடியது. செல்கள் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் அவற்றின் நடத்தை மாறிப்போயிருக்கும். மாதக்கணக்கான உழைப்பின் முடிவுகள் பொய்யாகியிருக்கும். மரபணுப் பெருக்கச் சோதனையை (பி.சி.ஆர்.) முறை தவறாமல் செய்துவருவது ஒன்றே வழி. இதோடு குரோமோசோம்கள் சிதையாமல் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கிறார்கள், ஏனெனில் நெடுநாள் பிரியும் செல்லில் பிழைகள் சேரக்கூடும்.

இரத்தக் குருத்தணுக்கள் ஏன் அடங்குவதில்லை

முன்பு ஒத்திவைத்த கேள்விக்கு வருகிறேன். ஒரு பிரசவத்தில் சேகரிக்கக்கூடிய கொடி இரத்தம் பெரும்பாலும் 150 மில்லிலிட்டருக்கு உட்பட்டதே. அதிலுள்ள குருத்தணுக்கள் ஒரு குழந்தைக்குப் போதுமானாலும், பெரியவருக்குப் பெரும்பாலும் போதுவதில்லை. அப்படியானால் அவற்றையும் குடுவையில் பெருக்கலாமே என்று தோன்றும். பெருக்கலாம்தான், ஆனால் வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்ததும் அவை விரைந்து பிரிந்து, முதிர்ந்த இரத்தச் செல்களாகிவிடுகின்றன. எண்ணிக்கை கூடுகிறது, குருத்து மறைந்துவிடுகிறது. பிரியவும் வேண்டும், மாறவும் கூடாது என்ற இந்த இரட்டைக் கட்டளையை நிறைவேற்றப் பல பத்தாண்டுகள் ஆயின. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நிகோடினமைடைச் சேர்த்து, கொடி இரத்தக் குருத்தணுக்களை முதிரவிடாமல் பெருக்கும் ஒமிடுபிசெல் என்ற சிகிச்சைக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. இரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடி இரத்த மாற்றுக்குப் பின் வெள்ளையணுக்கள் விரைவில் மீண்டும் தோன்றவும், தொற்றுகள் குறையவும் இது உதவுகிறது.

மீசன்கைமல் வகையிலும் ஒப்புதல் பெற்றவை உண்டு. கொடி இரத்தத்திலிருந்து வளர்த்த அத்தகைய செல்களை முழங்கால் குருத்தெலும்புத் தேய்வுக்குப் பயன்படுத்தும் கார்ட்டிஸ்டெம் என்ற தயாரிப்புக்குத் தென் கொரியா 2012-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் இத்தகையவை மிகச் சிலவே. ஆட்டிசம், நீரிழிவு, பக்கவாதம், முதுமை என எல்லாவற்றையும் ஒரே ஊசியில் தீர்ப்பதாகச் சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன: எந்தத் திசு, யாருடைய செல், எத்தனையாவது பாசேஜ், எந்தச் சோதனைகள், எந்த ஒப்புதல். நோயுற்ற குழந்தையோடு நம்பிக்கையைத் தேடி அலையும் பெற்றோரிடம் இவற்றுக்கு விடை சொல்லாமல் பணம் வாங்குவது கொடுமை.

உறையவைத்தலும் எழுப்புதலும்

வளர்த்த செல்களை உடனே பயன்படுத்துவது அரிது. சோதனை முடிவுகள் வரும்வரையாவது அவை காத்திருக்க வேண்டும். அப்படியே குளிரவைத்தால் செல்லுக்குள் உருவாகும் பனிப்படிகங்கள் அதைக் கிழித்துவிடும். அதனால் ஏறத்தாழ 10 விழுக்காடு டி.எம்.எஸ்.ஓ. என்ற பாதுகாப்புப் பொருளைச் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற மெதுவான வேகத்தில் வெப்பத்தைக் குறைக்கிறார்கள். நீர் மெல்ல வெளியேறிச் செல் சற்றே சுருங்குவதால் உள்ளே படிகம் உருவாவது தவிர்க்கப்படுகிறது. பிறகு திரவ நைட்ரஜன் தொட்டியில், சுழியத்துக்குக் கீழே 150 டிகிரிக்கும் தாழ்ந்த குளிரில், உயிர் வேதிவினைகள் ஏறத்தாழ நின்றுவிட்ட நிலையில் அவை ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

எழுப்பும்போது முறை தலைகீழாகிறது. குப்பியை 37 டிகிரி நீரில் இட்டு, ஓரிரு நிமிடங்களில் விரைவாக உருக்க வேண்டும். உறைவதில் காத்த டி.எம்.எஸ்.ஓ. அறை வெப்பத்தில் செல்லுக்கு நஞ்சாவதால் உடனே ஊடகம் சேர்த்து நீர்க்கச் செய்ய வேண்டும். டிரைப்பான் நீலம் என்ற சாயத்தில் ஒரு துளியைக் கலந்து எண்ணுகிறார்கள்: சவ்வு சிதைந்து இறந்த செல்களுக்குள் சாயம் புகுந்து நீலமாகிறது, உயிருள்ளவை நிறமின்றி மின்னுகின்றன. அந்த எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் அன்றே மகிழ்ந்துவிடுவதில்லை, ஏனெனில் சவ்வு சிதையாமலேயே உள்ளே நலிந்துபோன செல்கள் அடுத்த சில மணி நேரங்களில் இறப்பதுண்டு. மறுநாள் காலையில் குடுவையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எத்தனை செல்கள் தரையைப் பற்றி மீண்டும் நீண்டு படர்ந்திருக்கின்றன என்று பார்த்த பிறகே, குப்பி நல்லது என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்.